துண்டு வெட்டிய பின்



வைத்தியசாலையிலிருந்து நோயாளி ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படுவதை யாழ்ப்பாணத்தார் ‘துண்டு வெட்டுதல்’ என்பர். சொல் சிறியது. ஆயினும் அதனுள்ளே பெரியதொரு பிழையான எண்ணம் மறைந்து கிடக்கின்றது. துண்டு வெட்டப்பட்டதும் நோய் தீர்ந்தது, வைத்தியரின் கடமை முடிந்தது, தாதியின் கடமையும் முடிந்தது, இனி வீட்டிற்குப் போய்ப் படுத்திருப்பதொன்றே மிச்சம் என்று உறவினர் எண்ணிவிடுகின்றனர். காய்ச்சலுக்குச் சென்று மீண்டவர் விடயத்தில் இவ்வெண்ணம் பெருந்தீங்கு செய்யாது. இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்ற முதியவர் விடயத்திலோ, துண்டு வெட்டும் நாள் சிகிச்சையின் நடுப்பகுதியேயன்றி முடிவன்று.

இடுப்பு முறிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல் நுனியில் ஏற்படும் முறிவேயாகும். அந்நுனியிலே பந்து போன்ற தலையொன்றும், அதனைத் தாங்கும் ஒடுங்கிய கழுத்தொன்றும் உள. முதுமையில், விசேடமாகப் பெண்களிடத்தில், எலும்பின் திண்மை குறைந்துவிடுகின்றது. அதன்பின் நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுவதே அக்கழுத்தையோ அதற்குச் சற்றுக் கீழுள்ள பகுதியையோ முறித்துவிடப் போதும். மரத்திலிருந்து விழவேண்டியதில்லை, முற்றத்திற் கிடக்கும் ஆட்டுக் கயிறு தடக்கினாலும் போதுமானது. இம்முறிவுக்கு ஆளான முதியோரில் ஐவரில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன. உயிர் தப்பியோரிலும் பலர் முன்போல நடப்பதில்லை. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 12 பேர். அத்தொகை அதன்பின் ஏறிக்கொண்டே வருகின்றது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டுக்குரிய செய்தியன்று.

முற்காலத்தில் இம்முறிவுக்குக் கட்டிலே மருந்தாக இருந்தது. காலிலே பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கிழமைக்கணக்காக, சிலபோது மாதக்கணக்காக, நோயாளியை மல்லாந்து கிடக்கவைப்பர். எலும்பு பொருந்துமுன் முதுகிற் படுக்கைப்புண்ணும், நெஞ்சில் நியூமோனியாவும், கால் நாளங்களில் இரத்தக்கட்டியும் வந்து பலரைக் கொண்டுபோய்விடும். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய சிமித்-பீற்றர்சன் என்னும் சத்திரவைத்தியர், 1925 ஆம் ஆண்டில் மூன்று விளிம்புகளையுடைய உருக்கு ஆணியொன்றைச் செலுத்தி முறிந்த கழுத்தைப் பொருத்தியதோடு நிலைமை மாறத் தொடங்கிற்று. 1962 இல் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்பார், உலோகப் பந்தும் பிளாஸ்ரிக் கிண்ணமுமாக மூட்டு முழுவதையும் மாற்றும் முறையை நிலைநாட்டினார். இன்று முறிவின் தன்மையை நோக்கி ஆணியோ தகடோ இட்டுப் பொருத்துவர். அல்லது எலும்பின் தலையை நீக்கிச் செயற்கைத் தலை பொருத்துவர். பெரும்பாலும் மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்கவைப்பர்.

எழுந்து நிற்பதுதான் உயிர் காப்பது என்பதை வைத்திய உலகம் எளிதிற் கற்கவில்லை. இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியர், 1935 ஆம் ஆண்டில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டுக் கட்டில்களிற் கிடந்த நூற்றுக்கணக்கான முதியோரைப் பொறுப்பேற்றார். ஒவ்வொருவரையும் தனித்தனி பரிசோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கிப் பலரை வீட்டுக்கு அனுப்பினார். முதியோர் வைத்தியம் என்னும் தனித்துறைக்கு வழிவகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் கண்ட உண்மைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நோயாளி வைத்தியசாலையிற் கிடக்கும் நாட்கள் குறையக் குறைய, முன்னர் தாதியர் செய்த பணிகளை வீட்டார் செய்யவேண்டியவர் ஆகின்றனர். வீட்டார் அதற்கு ஆயத்தமாயிருக்கின்றனரா என்பதே கேள்வி. அவர்களை ஆயத்தம் செய்யும் பணி தாதியரின் கையில் இருக்கின்றது.

வலிகாமத்துக் கிராமமொன்றில் 78 வயதான மூதாட்டி ஒருவரை மனத்திற் கற்பனை செய்துகொள்வோம். கணவர் இல்லை. மூத்த மகன் கனடாவில், மகள் இங்கிலாந்தில். இளைய மகனும் மருமகளும் அவருடன் இருக்கின்றனர், மருமகள் ஆசிரியை. இரவில் எழுந்து கொல்லைப்புறம் போனபோது மூதாட்டி விழுந்துவிட்டார். சத்திரசிகிச்சை நடந்தது. நல்ல தாதி ஒருவர் அவரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை எப்போது தொடங்குவார்? துண்டு வெட்டும் நாளிலன்று. மூதாட்டி வாட்டுக்கு வந்த முதலாம் அல்லது இரண்டாம் நாளிலேயே தொடங்கிவிடுவார். விழுமுன் எவ்வாறு நடந்தீர்கள், ஊன்றுகோல் உண்டா, வீட்டில் யார் இருக்கின்றனர், பகலில் யார், இரவில் அதே அறையிற் படுப்பவர் யார், மலசலகூடம் வீட்டினுள்ளேயா வெளியேயா, குந்தியிருப்பதா, கொமோட்டா, குளிப்பது கிணற்றடியிலா, வாசலில் எத்தனை படிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்போருக்கு இது வீண் விசாரணை போலத் தோன்றும். உண்மையில் இக்கேள்விகளே வீட்டின் வரைபடத்தைத் தாதியின் கண்முன் கொண்டுவருகின்றன.

மலசலகூடத்தை எடுத்துக்கொள்வோம். குந்தியிருக்கும் மலசலகூடம் நம் நாட்டு வீடுகளிற் பெருவழக்கு. செயற்கைத் தலை பொருத்தப்பட்ட இடுப்பு, குந்தும்போது செங்கோணத்துக்கு அப்பால் மடிகின்றது. தசைகள் ஆறி இறுகாத முதற் கிழமைகளில் அவ்வாறு மடிந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடக்கூடும். அதுபோலவே காலின் மேற் காலைப் போடுவதும், பாதத்தை உட்புறமாகத் திருப்புவதும், தரையிற் சப்பாணியிட்டு இருப்பதும் ஆகாதவை. ஆணி அல்லது தகடு இடப்பட்டவர்களுக்கு இவ்விதிகள் யாவும் அவ்வாறே பொருந்துவதில்லை. அவர்களுக்குக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதே முதன்மையான கேள்வி. ஆகையால் ‘என்ன சத்திரசிகிச்சை செய்யப்பட்டது, எவையெவை விலக்கு, எத்தனை கிழமைக்கு விலக்கு’ என்னும் மூன்றையும் வீட்டார் கேட்டறியவேண்டும். அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்ட புத்திமதி இவருக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை.

கொமோட் வசதி இல்லாதவிடத்து, நடுவே துளையிட்ட உறுதியான கதிரையொன்றை அமைத்துக்கொள்ளலாம். மரத்தச்சர் அரை நாளிற் செய்துகொடுப்பார். அது மூதாட்டி வீடு வந்து சேருமுன் அங்கே இருக்கவேண்டும். வந்தபின் தேடுவது கூடாது. எத்தனையோ வீடுகளில் அது வந்து மூன்று நாட்களின் பின்னரே தேடப்படுகின்றது. அந்த மூன்று நாட்களும் முதியவர் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றார், மலசலகூடத்துக்குப் போகவேண்டியிராது என்பதற்காக. நீர் குறைய மலம் இறுகும், சிறுநீர் அடைபடும், மயக்கம் வரும், மீண்டும் விழுவார். ஒரு கதிரை இல்லாமையால் வந்த வினை இது.

கதிரை என்றதும் சாய்மனைக் கதிரையைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கின்றது. விறாந்தையிற் சாய்மனைக் கதிரை இல்லாத பழைய வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. முதியவர் வீடு திரும்பியதும் அன்பு மிகுதியால் அவரை முதலில் அதிலேதான் சாய்த்துவிடுவர். பதிந்து, பின்புறம் சரிந்து கிடக்கும் அவ்விருக்கை, இடுப்பை மடித்துவிடுவதோடு, அதிலிருந்து எழும்புவதற்கு இருவர் கையைப் பிடித்து இழுக்கும்படியும் செய்கின்றது. கையைப் பிடித்து இழுப்பதைத் தாதியர் எவரும் விரும்புவதில்லை. முழங்காலின் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கையும், இரு பக்கமும் கைப்பிடியும் உள்ள பாரமான மரக்கதிரையே வேண்டியது. பிளாஸ்ரிக் கதிரை இலேசானது. கைப்பிடியை ஊன்றி எழும்போது அது வழுக்கிப் பின்னே போய்விடும். கட்டிலும் பதிவாயிருந்தால் அதன் கால்களுக்குக் குழிவெட்டிய கட்டைகளை வைத்து உயர்த்தலாம். செங்கல்லை வெறுமனே அடுக்கிவைப்பது ஆபத்து.

கிணற்றடியை இரண்டொரு மாதத்துக்கு மறந்துவிடவேண்டும். பாசி படிந்த ஈரக் கட்டு நல்ல கால்களையே வீழ்த்தும். அறையின் ஓரத்தில் அல்லது கூரையுள்ள இடத்தில், உயரமான இருக்கையில் இருத்தி உடம்பைத் துடைத்துவிடலாம். காயம் ஆறியபின், வைத்தியரின் சொற்படி, நீர் வார்க்கலாம். இரவிற் கட்டிலிலிருந்து கொமோட் வரையுள்ள வழியில் சிறு மின்குமிழ் ஒன்று விடிய விடிய எரியவேண்டும். மின்சாரம் தடைப்படும் இரவுக்குத் தலைமாட்டில் ரோச் லைற் இருக்கவேண்டும். தரைவிரிப்பு, கால்துடைக்கும் சாக்கு, வயர், ஆட்டுக் கயிறு, பேரப்பிள்ளையின் விளையாட்டுக் கார் யாவும் அவ்வழியினின்று அகல்வனவாக. நடைச்சட்டம் வாசலினூடாகச் செல்லுமா என்பதையும் அளந்துபார்த்தல் நன்று. பழைய வீட்டு வாசல்கள் சில மிக ஒடுக்கமானவை. நிலைப்படியை ஏறுகையில் நல்ல கால் முன்னே செல்ல, இறங்குகையில் சத்திரசிகிச்சை செய்த கால் முன்னே செல்லவேண்டும். வீட்டில் எத்தனை படிகள் உண்டென்று தாதி முதலிற் கேட்டது இதற்காகவே. அத்தனை படிகளை ஏறி இறங்கும் வண்ணம் இயன்மருத்துவர் மூதாட்டியை வைத்தியசாலையிலேயே பழக்கிவிடுவார்.

வீடு செல்லும் பயணமும் சிறு விடயமன்று. குலுங்கும் முச்சக்கர வண்டி உகந்ததன்று. காரின் முன்னிருக்கையை இயன்றமட்டும் பின்தள்ளி, முதலில் முதுகுப்புறமாக இருந்து, பின்னர் இரு கால்களையும் ஒருமித்து உள்ளே எடுத்தல் வேண்டும்.

இனி, துண்டு. நம் நாட்டு வைத்தியசாலைகளிற் கையிற் கொடுக்கப்படும் நோய் விபர அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. அடுத்த வைத்தியர் படித்தறிவதற்கு அது வசதிதான். ஆனால் நாள்தோறும் மருந்து கொடுக்கப்போகும் மருமகளுக்கும், விழுங்கப்போகும் மூதாட்டிக்கும் அதனால் ஆகும் பயன் என்ன? 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் கிறீன், தாம் பயிற்றிய மாணவர் தம் மக்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் சொல்லவேண்டும் என்று கருதித் தாமே தமிழ் கற்று, சத்திரவைத்திய நூல் உட்படப் பல மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் அன்று அவ்வளவு செய்ய முடிந்ததாயின், ஆறேழு மருந்துகளின் பெயரையும் வேளையையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொடுப்பது இன்று இயலாத காரியமாக இருக்கமுடியாது. வாட்டிலுள்ள தாதி இதனைச் செய்கின்றார் எனின், அவர் பாராட்டுக்குரியவர். அவருக்கு நேரமில்லையெனின், படித்த மருமகள் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

எழுதியதோடு அமையாது. “எல்லாம் விளங்கிவிட்டதா, அம்மா?” என்று தாதி கேட்டால், “ஓம் பிள்ளை, விளங்கிவிட்டது” என்றே நம் மூதாட்டியர் சொல்வர். விளங்கவில்லை என்பது மரியாதைக் குறைவென்பது அவர் எண்ணம். ஆதலால் பயிற்சி பெற்ற தாதியர் அவ்வாறு கேளாது, “வீட்டில் இந்த மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள் என்று எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்” என்பர். சொல்லிக் காட்டுகையில் பிழை எங்கே என்பது வெளிப்பட்டுவிடும். வகுப்பறையை அறிந்தோர் எவருக்கும் இதன் உண்மை புலப்படும்.

மருந்துகளுள் மூன்றினைப் பற்றிச் சிறிது சொல்லலாம். இரத்தம் கட்டிபடாதிருக்கக் கொடுக்கப்படும் மருந்து, ஊசியாயினும் குளிசையாயினும், வீடு வந்தபின்னும் தொடரவேண்டியிருக்கும். இடுப்புச் சத்திரசிகிச்சையின் பின் அதனை ஏறத்தாழ 35 நாள் வரை கொடுப்பது வழக்கம். நடக்கத் தொடங்கிவிட்டாரே என்று இடையில் நிறுத்துவது கூடாது. இரண்டாவது, நோவு மாத்திரை. பரசிற்றமோல் என்று அட்டையில் எழுதப்பட்டிருப்பதும் வீட்டு அலுமாரியிலுள்ள பனடோலும் ஒன்றே என்பதை அறியாது இரண்டையும் கொடுப்பவர் உளர். 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் ஒரு நாளில் எவருக்கும் ஆகாது. மெலிந்த முதியவருக்கு அதனினும் குறைவே தகும். நோவைப் பொறுத்துக்கொண்டு மருந்தை ஒதுக்குவதும் பெருமையன்று, நோவுள்ளவர் நடக்கமாட்டார். மூன்றாவது, எலும்பை வலுப்படுத்தும் மருந்து. முறிந்ததைப் பொருத்திய வைத்தியர், அடுத்தது முறியாதிருக்கவும் வழி தேடுவார். கிழமைக்கு ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரொனேற் மாத்திரையாயின், காலையில் வெறுவயிற்றில் ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் உண்ணாமலும் இருக்கவேண்டும். தேநீருடன் விழுங்கினால் பயன் போய்விடும். இவ்விவரம் சொல்லப்படாமற் போவதே பெரும்பாலும் நடப்பது.

விழுந்ததற்குக் காரணம் யாது என்பதையும் துண்டு வெட்டுமுன் ஆராயவேண்டும். கண்ணிற் புரை இருக்கலாம். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் இறங்கலாம். நித்திரைக் குளிசை காரணமாகலாம். காரணத்தை அப்படியே விட்டு எலும்பை மாத்திரம் திருத்தி அனுப்புவது, ஓட்டையை அடைக்காமல் வள்ளத்துள் நின்ற நீரை இறைப்பது போன்றது.

உணவு விடயத்தில் வீட்டாரின் அன்பே சிலபோது பகையாகின்றது. சத்திரசிகிச்சை செய்தவருக்குப் பத்தியம் என்று மீனையும் முட்டையையும் விலக்கி, கஞ்சியும் ரொட்டித்துண்டுமாகக் கொடுப்பர். புண் பழுத்துவிடும் என்ற அச்சம். காயம் ஆறுவதற்கும் தசை வளர்வதற்கும் வேண்டியது அம்மீனும் முட்டையும் பாலும் பயறும் உளுந்துமேயாகும். அவ்வாறே முறிவு நெறிவு வைத்தியரிடம் கொண்டுசென்று எண்ணெய் பூசிக் கட்டும் ஆசையும் எழும். அவர்தம் கைத்திறன் தொன்மையானது. ஆயினும் உள்ளே உலோகமும் மேலே தையலும் உள்ள காலில் எண்ணெய்க்கும் உருவுதலுக்கும் இடமில்லை. தையல் வெட்டப்படும்வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு கிழமை, காயம் உலர்ந்து கிடக்கவேண்டும்.

வீட்டார் மிகவும் அஞ்சுவது மற்றொன்று. மூதாட்டி இரவில் இல்லாத ஆட்களைக் காண்கின்றார், இறந்துபோன கணவரை அழைக்கின்றார், மருமகளை அடையாளம் தெரியாது திட்டுகின்றார். புத்தி பேதலித்துவிட்டது என்று வீடு கலங்கும். சத்திரசிகிச்சையின் பின் முதியோரிடத்து இக்குழப்பம் அடிக்கடி காணப்படுவதே, பெரும்பாலும் தணிந்துவிடும். கண்ணாடியை அணிவித்து, பகலில் வெளிச்சத்தில் இருத்தி, தெரிந்த குரலில் நாளையும் இடத்தையும் எடுத்துச் சொல்லுதல் துணைசெய்யும். ஆனால் தெளிந்திருந்தவர் திடீரெனக் குழம்பினால், சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமித்தொற்று, மலச்சிக்கல், புதிய மருந்து என ஏதோ ஒன்று அதன் பின்னால் இருக்கக்கூடும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவ்வளவையும் செய்பவர் யார்? கனடாவிலிருந்து பணம் வருகின்றது. இங்கிலாந்திலிருந்து நாளுக்கு இருமுறை கைப்பேசியிற் படம் தோன்றுகின்றது, ‘அம்மாவை நடக்கவையுங்கள்’ என்ற குரலும் வருகின்றது. நடக்கவைப்பவர் மருமகள் ஒருவரே. அவர் பாடசாலைக்கும் போகவேண்டும். துண்டு வெட்டுமுன் தாதி கேட்கவேண்டிய மிகக் கடினமான கேள்வி, “உங்களால் இது முடியுமா?” என்பது. முடியாது என்று சொல்ல அவருக்கு இடங்கொடுப்பதும் தாதியின் கடமையே. தொலைவிலுள்ள பிள்ளைகளிடம் கேட்கவேண்டியது பகலில் வரக்கூடிய ஓர் உதவியாளரின் ஊதியத்தை; அல்லது அவர்களுள் ஒருவர் முதல் மூன்று கிழமைக்கு வந்து நிற்பதை. சவ வீட்டுக்கு விமானம் ஏறி வருவோர் இதற்கும் வரலாம்.

இத்தகைய ஏற்பாடு பயன் தருமா என்பதை அளந்து பார்த்தவர்களும் உளர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மேரி நெய்லர் என்னும் தாதியியற் பேராசிரியரும் அவருடைய துணைவரும், பிலடெல்பியா நகரின் இரு வைத்தியசாலைகளில் 65 வயதும் அதற்கு மேலும் உடைய 363 நோயாளரை இரு பிரிவாக்கினர். அவர்களுட் காலெலும்புச் சத்திரசிகிச்சை பெற்றோரும் அடங்குவர். ஒரு பிரிவினருக்கு விசேட பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வைத்தியசாலையிலேயே ஏற்பாடுகளைத் தொடங்கி, பின் வீடு சென்று பார்த்து, தொலைபேசியிலும் தொடர்புகொண்டார். 1999 இல் வெளியான முடிவின்படி, 24 கிழமைக்குள் மீண்டும் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோர் மற்றைப் பிரிவில் நூற்றுக்கு 37 பேர். இப்பிரிவில் 20 பேர். அங்கே தாதி வீட்டுக்கே சென்றார் என்பதை மறத்தலாகாது. காகிதத்தில் ஏற்பாட்டை எழுதுவதால் மாத்திரம் இவ்வளவு பயன் வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தாதி வீட்டுக்கு வர இயலாதவிடத்து, எந்த அறிகுறிக்கு எங்கே ஓடவேண்டும் என்பதையாவது வீட்டார் அறிந்திருக்கவேண்டும். கெண்டைக்கால் வீங்கி நோதல், காயம் சிவந்து நீர் வடிதல், காய்ச்சல் இவற்றுக்கு அன்றே வைத்தியசாலை. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, அல்லது இடுப்பிற் கடும் நோவோடு கால் குறுகித் திரும்பிவிடுதல் என்பவற்றுக்கு ஒரு நிமிடமும் தாமதியாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவிக்கவேண்டும். அவ்விலக்கத்தையும் வாட்டின் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

முதற் பரிசோதனை நாள் பெரும்பாலும் ஆறாம் கிழமையளவிற் குறிக்கப்படும். அந்நாளில் அட்டையையும், எக்ஸ்றேப் படத்தையும், எஞ்சிய மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லவேண்டும். மூதாட்டி கேட்க விரும்பும் கேள்விகளை முதல்நாள் இரவே மருமகள் எழுதிவைத்துக்கொள்ளலாம். தரையிற் பாய் விரித்து இருக்கலாமா, கோயிலில் விழுந்து கும்பிடலாமா, கிணற்றடிக்குத் தனியே போகலாமா என்று அவர் கேட்பார். மூன்றாவதற்கு விடை எதுவாயினும், அதற்குமுன் கட்டிலுள்ள பாசியைச் சுரண்டிவிட்டு, பிடித்து நிற்க ஒரு கம்பியை நாட்டிவைப்பது இளைய மகனின் வேலை.